மண் ரிப்போர்ட்

சுவர் வெடிப்புக்குள் என்ஜினியர் விரலை நுழைத்துப் பார்த்தார். நகம் மட்டும்தான் போனது.

“வெறும் பூச்சு வெடிப்புக்கா. பட்டி பாத்துப் பெயின்ட் அடிச்சா காணாமப் போயிடும்.”

“அந்த ரூம் கதவு வேற நேத்திலேர்ந்து சாத்த மாட்டேங்குதேடா.”

“புது மரம், மழைக்கு உப்பியிருக்கும். இழைச்சுவிட்டா சரியாயிடும்.”

அக்கா நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு வாடகை வீடாகச் சாமான் தூக்கி அலுத்துப்போனவள் அவள். அடுத்த வாரம் கட்டப்போகும் மூட்டைதான் கடைசி என்று முடிவே செய்திருந்தாள்.

“கோடையில இந்த மனை என் செருப்பே சிக்கிக்குற அளவுக்குப் பிளந்து கிடந்துச்சு. அந்த மண்ணு மேலதானே இது நிக்குது? இன்னொரு தடவை வீடு மாத்த எனக்குத் தெம்பில்லடா.”

என்ஜினியர் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, மிச்சமிருந்த சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். உடைந்த கால் ஒட்டி இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்திருக்கிறார். வாசலிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் பாதி உயிர் போயிருந்தது.

“களிமண்ணுக்கா இது. மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டா மண்ணோட சேந்து வீடும் ஏறி இறங்கும். அதனாலதான் பைல் போடச் சொன்னேன்.”

“அதென்ன பைலு?”

“பூமிக்குள்ள இறக்குற கான்கிரீட் தூணு. களிமண்ணைத் தாண்டி, கீழ இருக்குற கெட்டி மண்ணு வரைக்கும் போகும். மேல மண்ணு என்ன ஆட்டம் போட்டாலும் உன் வீடு அசையாது.”

“நீ கண்ணால பாத்தியா?”

“நான்தான் ஆஸ்பத்திரியில காலைத் தூக்கிக் கட்டிக்கிட்டுக் கிடந்தேனே! அங்கேர்ந்தே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ‘மண் ரிப்போர்ட் பாத்துட்டேன், பைல் போட்டுடுங்க’ன்னு சொல்லிட்டேன்.”

“அதை அவரு வாயால சொல்லட்டும்.”

சூப்பர்வைசர் வியர்வையைத் துடைத்தபடி வந்து நின்றார். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றபின், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்வார், எதிர்க்கேள்வி கேட்கமாட்டார். அதனாலேயே என்ஜினியருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

“பைல் போட்டுட்டீங்கள்ல?” என்று கேட்டார் என்ஜினியர்.

“நீங்க சொன்ன அன்னைக்கே போட்டாச்சு சார்.”

“நல்லா அடியிலதானே?”

“அடியிலதான் சார். இனிமே யாரும் அசைக்க முடியாது.”

“கேட்டுக்கிட்டியாக்கா?”

அக்கா நீளமாக மூச்சு விட்டாள். இத்தனை வருஷத்து அலுப்பெல்லாம் அப்போதுதான் அவள் உடம்பில் இறங்கியது போல, தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்போ நாளைக்கே சாமானைக் கட்ட ஆரம்பிச்சிடறேன்.”

சூப்பர்வைசர் இன்னும் போகவில்லை. “வேணும்னா அம்மாவுக்குக் காட்டட்டுமா சார்?”

என்ஜினியருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. “பைலை எப்படிங்க காட்டுவீங்க? வீட்டைத் தோண்டியா?”

“எதுக்கு சார் தோண்டணும்? ஆபீஸ் பீரோ சாவி என்கிட்டதானே இருக்கு!”