மெதுவாக வரும் வண்டி

குடியிருப்புத் தெரு ஒன்றின் முனையில் வட்டப் பலகை ஒன்றை நட்டார்கள். இருபதுக்கு மேல் வேகம் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மறுநாளிலிருந்து வண்டிகள் ஊர்ந்து வந்தன.

படிக்கத் தெரியாத இரண்டு தெருநாய்கள் சுவரோரம் ஒதுங்கி அவற்றைச் சந்தேகத்தோடு பார்த்தன.

"இது நல்லதுக்கில்லே தங்கச்சி," என்றது சாம்பலன். எப்போதோ கார் ஏறிப் பின்னங்கால் ஒடிந்த நாய் அது. "இந்தத் தெருவுக்குள்ள இதுவரைக்கும் மெதுவா வந்த வண்டி எது, சொல்லு?"

செவலை தன் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. "நாய் பிடிக்கிற வண்டி."

"இப்ப எல்லா வண்டியும் அப்படித்தான் வருது."

"உங்க காலை ஒடிச்சது வேகமா வந்த வண்டிதானே அண்ணே?"

"ஒடிச்சது. ஆனா அதுக்கு என் மேல கண்ணு இல்லே. அது பாட்டுக்கு வந்துச்சு, அது பாட்டுக்குப் போயிடுச்சு."

அப்போது ஒரு குட்டி தெருவில் இறங்கி ஓடியது. எதிரே வந்த கார் நின்றேவிட்டது. ஓட்டிவந்த பெண் தலையை நீட்டி, குட்டியைப் பார்த்துச் சிரித்தாள். அது கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

"பார்த்தியா? அடையாளம் பார்த்து வச்சுக்கிறா!" என்று உறுமியது சாம்பலன்.

அதற்குமேல் செவலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் நெடுஞ்சாலை ஓரத்தில் சேர்த்தது.

லாரிகள் இரைந்துகொண்டு பறந்தன. ஒரு வண்டிகூட அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பாடா," என்று காலை நீட்டிப் படுத்தது செவலை.