வடதுருவத்தில் வாணவேடிக்கை
ஆத்தாயியின் வெற்றிலைக் கொடிக்கால் காலை வெயிலில் கருகி நிற்கிறது. பக்கத்துக் கரும்புக்குக் களைக்கொல்லி தெளித்த ட்ரோன், முந்தாநாள் வரப்பைத் தாண்டி இங்கேயும் தெளித்துவிட்டது. யாரும் செருப்போடு நுழையாத கொடிக்காலுக்குள், ட்ரோன் ஓட்டிய குமரகுரு ஷூக்காலோடு நின்று செல்போனை நீட்டுகிறான். திரையில் வடதுருவ வானம் பச்சையும் ரோஜா நிறமுமாக மின்னுகிறது. “சூரியன்ல இருந்து வந்த புயலுங்க. பூமியோட காந்தத்தையே கலைச்சுப்போட்டுது. அங்க வானம் இப்படி மின்னும், நம்ம பக்கம் ட்ரோனுக்கு வழிகாட்டுற ஜிபிஎஸ் தடுமாறுமுங்க.” ஆத்தாயி கருகிய இலையொன்றைக் கிள்ளி அந்தத் திரைமேல் வைக்கிறாள். “அவங்களுக்கு வாணவேடிக்கை, எனக்கு இதுங்களா? புயல் வருதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதுங்களா?” “எச்சரிக்கை வந்துச்சுங்க. ஆனா...” “அப்புறம் எதுக்குங்க பறக்க உட்டீங்க?” அவன் இலையைத் தட்டிவிட்டு வாயைத் திறக்கிறான். அவள் குரல் தாழ்கிறது. “மொதல்ல ஷூவைக் கழட்டுங்க. செத்தாலும் இது கொடிக்காலுங்க.”