சோபாவைக் கட்டில் என்ற சர்வர்

"சோபாவைப் போய்க் கட்டில்னு சொல்லுதே, இதெல்லாம் உருப்படுமா?"

கமாண்டர் மேசையில் ஓங்கி அடித்தார். கீபோர்டு ஒரு தரம் துள்ளி அடங்கியது.

கமாண்டர் என்பது மனைவி வைத்த பெயர். விடிந்தால் அடைந்தால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக்கொண்டிருக்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் ஒரு வரி தட்டினால், எங்கோ கண்காணாத இடத்தில் இருக்கும் சர்வர் வேலையைச் செய்துவிட்டு இங்கிலீஷில் ஒரு வரி பதில் சொல்லும். இப்போதைய வேலை, ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரருடைய ஆயிரக்கணக்கான படங்களை நாற்காலி தனி, மேசை தனி, கட்டில் தனி என்று பிரித்து அடுக்குவது. சர்வருக்கு எல்லாம் தெரிந்தது. சோபாவைக் கண்டால் மட்டும் கட்டிலில் தூக்கிப் போட்டது.

"மெஷின்தானே, அதுகிட்ட ஏன் கத்துறீங்க?" சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"மெஷினாவது நாலு திட்டு வாங்கட்டும். இந்த வீட்டுல மனுஷங்களைத்தான் ஒண்ணும் சொல்லக் கூடாதே."

அந்தக் குத்து ஸ்டோர் ரூமுக்கு. உள்ளே மைத்துனன் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன் என்று சூட்கேஸோடு வந்தவன். ரெண்டு மாதம் ஆகிவிட்டது. படுக்கை ஹாலில் இருந்த சோபாவில். கேட்டால், வீட்டிலிருந்தே வேலை என்பான். என்ன வேலை என்றால், வெளியே சொல்லக் கூடாது, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பான்.

"அப்படி என்ன ராணுவ ரகசியம்? கண்ணைப் பாரு, கோவைப்பழம் கணக்கா. ராத்திரி பூரா உக்காந்து சினிமா பாக்கறான்."

மனைவி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மேனேஜர்.

"சாயந்திரத்துக்குள்ள படமெல்லாம் வந்து சேரலைன்னா நாளையிலேர்ந்து நீங்க ஆபீஸ் பக்கமே வர வேணாம்."

"நான் எங்க சார் வர்றேன்? வீட்டுலேர்ந்துதானே..."

"அப்ப வீட்டுலயே இருங்க. கம்ப்யூட்டரை மட்டும் திருப்பி அனுப்பிடுங்க."

"சர்வர்தான் சார் ஆமை மாதிரி நகருது..."

"மனுஷக் கையே படாத சர்வீஸ்னு சொல்லித்தான் சர்வர் கம்பெனிக்காரன் வாடகைக்கு விட்டிருக்கான். உங்களுக்கு அதை மேய்க்கத் தெரியலை."

கமாண்டர் பல்லைக் கடித்தார். போன வாரமே ஒரு தானியங்கிக் கட்டளை எழுதிப் போட்டிருந்தார். ராத்திரி பகல் பாராமல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், 'முடிந்ததா? இல்லையென்றால் சீக்கிரம்' என்று அதுவே சர்வரை விரட்டும். அவர் தூங்கினாலும் அது தூங்காது. இப்போது அதை நிமிஷத்துக்கு ஒரு தரம் என்று மாற்றினார்.

"மாட்டுக்குக்கூட நடுவுல தண்ணி காட்டுவாங்க," என்றாள் மனைவி.

"மாட்டுக்கு உயிர் இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

அடுத்த சோபாவும் கட்டிலுக்குள் போய் விழுந்தது.

"சோம்பேறிக் கழுதை!" வாய்விட்டுக் கத்திக்கொண்டே, அதையே தமிழில் தட்டி சர்வருக்கும் அனுப்பினார். கட்டளை புரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னது சர்வர்.

ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. மைத்துனன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, நான் என்ன சோம்பேறியாக்கா?"

"பாத்தியா?" என்றார் கமாண்டர். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது."

அவன் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்தான். கமாண்டர் திரையைப் பார்த்தார். வேலை அப்படியே நின்றிருந்தது. கட்டளை மேல் கட்டளை போய்க்கொண்டிருந்தது, பதிலே இல்லை.

"செத்துப்போச்சு! இவன் எப்ப வெளிய வந்தாலும் என் வேலை நின்னுடுது. தரித்திரம்! டேய், இப்பவே பெட்டியைக் கட்டு."

"சாயந்திரம் வரைக்கும் பொறுங்க அத்தான். கையில ஒரு வேலை பாதியில நிக்குது."

"நிக்கட்டும்."

"நான் விட்டுட்டுப் போனா ஒருத்தருக்குக் கஷ்டமாயிடும்..."

"எவனோ எக்கேடு கெட்டா எனக்கென்ன? கிளம்பு!"

மனைவி ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "உங்க கமாண்டெல்லாம் அந்த சர்வரோட வச்சுக்குங்க. என் தம்பிகிட்ட வேணாம்."

"நீ நடுவுல வராதே."

மைத்துனன் உள்ளே போனான். அலமாரி திறந்தது, சூட்கேஸ் ஜிப் கரகரவென்று ஓடியது. ரெண்டு மாதத்தில் இந்த வீட்டில் கமாண்டர் சொன்னபடி நடந்த முதல் காரியம். அந்தத் தெம்போடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படங்கள் இன்னும் பாதிதான் பிரிந்திருந்தன. வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

'நிலை என்ன?' என்று தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். மறுபடி.

ஸ்டோர் ரூமில் ஜிப் சத்தம் நின்றது. டக் டக்கென்று ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

திரையில் எழுத்துகள் ஓடின. இத்தனை நாளும் இங்கிலீஷைத் தவிர ஒரு வார்த்தை பேசாத சர்வர் முதல் தடவையாகத் தமிழில் பதில் சொன்னது:

'மன்னிக்கவும். சர்வர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. அத்தான் வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்.'