திங்கட்கிழமைக் கை

சர்வீஸ் இன்ஜினியர் தன் கையிலேயே ஒயரை ஒட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினார். கட்டைவிரல் வெடுக்கென்று துள்ளியது.

திரையில் கோடு எழும்பி இறங்கியது. உயரம் பதினொன்று.

"மெஷின் கல்லு மாதிரி இருக்கு மேடம்" என்றார். மழையில் நனைந்து வந்தவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "யார் கையில வச்சுப் பாத்தீங்க, நாலுன்னு காட்ட?"

ஒயரை வாங்கி என் கையில் ஒட்டிக்கொண்டேன். பத்து.

இந்த நரம்புப் பரிசோதனை அறைக்கு நான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மணிக்கட்டில் சின்னதாக ஒரு ஷாக் கொடுத்தால், நரம்பு அதைக் கட்டைவிரல் சதைக்குக் கொண்டுபோகும். எவ்வளவு வேகமாகப் போனது, எவ்வளவு பலமாகப் போய்ச் சேர்ந்தது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும். பலம்தான் கோட்டின் உயரம்.

பயந்து வருகிறவர்களிடம் ஒரு கதை சொல்வேன். கழுத்துத் தண்டுவடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத செல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் வால் மட்டும் விரல் வரைக்கும் நீண்டு வருகிறது. வாலுக்கு மேலே, ஒயருக்கு இருப்பதுபோல ஓர் உறை. உறை கெட்டால் வேகம் குறையும், அதற்குப் பெரும்பாலும் மருந்து உண்டு. செல்லே செத்துப்போனால் உயரம் குறையும்.

கதையை அங்கேயே நிறுத்திவிடுவேன். செத்த செல்லின் இடத்தில் இன்னொன்று முளைக்காது.

திங்கட்கிழமை காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன், தெரிந்த கை ஒன்றில் வைத்து மெஷினைச் சோதிப்பேன். அந்தத் தெரிந்த கை என் வீட்டுக்காரருடையது. இதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். "இன்னிக்கு ஓசி கரண்ட் உண்டா?" என்று கதவிடுக்கில் தலையை நீட்டுவார். முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்றி, மூன்று மடிப்பு மடித்து, ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி வலது கையை நீட்டுவார். கொஞ்ச நாளாக, வெயில் தாங்கவில்லை என்று அரைக்கைக்கு மாறிவிட்டார்.

எப்போது எடுத்தாலும் பதினொன்று. டாக்டர்கள்கூட அவரை 'நார்மல்' என்றுதான் கூப்பிடுவார்கள். நார்மல் வந்தாச்சா, நார்மல் சாப்பிட்டாச்சா. மனிதருக்கு அதில் ஏகப் பெருமை.

நாலு மாதத்துக்கு முன் ஒன்பது வந்தது. ஒயர் பழசு என்றேன். ஏழு வந்தபோது ஒயரை மாற்றினேன். ஐந்து வந்ததும் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். இன்று காலை நாலு.

வேகம் மட்டும் ஒவ்வொரு முறையும் அப்படியே இருந்தது.

மற்றவர்களுக்கெல்லாம் கோடு ஒழுங்காகத்தானே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. கேட்ட வாயை நானே பொத்திக்கொண்டேன்.

வேகம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் சரிந்துகொண்டே போகிற கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் நடந்து வருவார்கள். அடுத்த வருடம் சக்கர நாற்காலி. அதற்கடுத்த வருடம் வரமாட்டார்கள். அவர்களை இந்த மாடிக்கு ஏற்றிக்கொண்டு வருவது அவருடைய லிஃப்ட்தான்.

இன்ஜினியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் தலை தெரிந்தது.

"என்ன, மெஷின் பொழச்சுதா?"

"ஒயர்தான் லூஸாம். உக்காருங்க, இன்னொரு தடவை பாத்துரலாம்."

உட்கார்ந்தார். கட்டைவிரலுக்குக் கீழே சதைமேடு இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது. இத்தனை நாள் அதன்மேல்தான் ஒயரை ஒட்டியிருக்கிறேன். பார்க்கவில்லை, அல்லது பார்க்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு ஷாக் கொடுத்தேன். விரல் லேசாக அசைந்தது.

நாலு.

முந்தைய கோட்டுக்குப் போய் பிரிண்ட் கொடுத்தேன். தாள் வெளியே வந்தது. அதில் இருந்தது என் கை.

"பத்து" என்று நீட்டினேன். ஒன்பது வருடத்தில் இந்த மெஷினை நான் பொய் சொல்ல வைத்தது இன்றுதான்.

அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். வாராவாரம் அதை நோட்டில் ஒட்டுவது வழக்கம் என்பதால் நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. இடது கையால் இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பயப்படாத. நார்மலுக்கு என்ன வந்துரப் போகுது" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

அவர் திறந்த கதவு வழியாக ஈரக்காற்று உள்ளே வந்தது. நடையில் போகிறவர்கள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். அவர் மட்டும் அரைக்கைச் சட்டையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, குளிரில் ஒடுங்கி லிஃப்டை நோக்கி நடந்தார். வெயில் போய் மழை பிடித்து ஒரு மாதம் ஆகிறது.

முழுக்கைச் சட்டையின் இடது மணிக்கட்டுப் பித்தானை வலது கை ஒன்றால்தான் போட வேண்டும்.

வீட்டில் துவைப்பது நான்தான். இரண்டு மாதமாக அவருடைய முழுக்கைச் சட்டை ஒன்றுகூட அழுக்குக்கூடைக்கு வரவில்லை.