பல் பதிந்த மணிக்கட்டு

பின்னங்கால்கள் விளங்காத பூனை செம்பாவுக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. விலங்குகள் காப்பகத்தில் காலையும் மாலையும் அதன் அடிவயிற்றை அழுத்தி எடுத்துவிடுபவள் ரெஜினாதான். ஒவ்வொரு முறையும் அது அவள் மணிக்கட்டில் பல்லைப் பதிக்கும்.

"உரிமையில கடிக்குது. வேற ஆளக் கிட்டவே சேர்க்காது" என்று தழும்புகளைப் புது வளையல்போல எல்லோருக்கும் காட்டுவாள். தங்கை கல்யாணத்தில்கூடப் பந்தியில் உட்காராமல் செம்பாவுக்காக ஓடிவந்தவள்.

இன்று காய்ச்சலோடு தாமதமாக வந்தாள். புதிதாகச் சேர்ந்த மும்தாஜ் வேலையை முடித்திருந்தாள். அவள் மடியில் செம்பா கண்மூடிக் கிடந்தது.

"கடிக்கலையா?"

"இதுவா கடிக்கும்? கைய வச்சதும் தூங்கிடுச்சேக்கா."

ரெஜினா பூனையை வாங்கிக்கொண்டாள். மணிக்கட்டை அதன் வாயருகே வைத்தாள்.

"கடிடி" என்றாள் மெல்ல.

செம்பா முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.