அமலராணி உட்கார்ந்த அன்று

முதலாளி தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னதும் அமலராணி கொஞ்சம் தயங்கினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் சேர்ந்ததிலிருந்து அவள் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அன்று எங்கள் ஜவுளிக்கடைக்கு ஆண்டு விழா. புதுக்கோட்டை பஸ்கள் கூட்டத்தை இறக்கிவிடும் முன்பே விழாவை முடித்துவிட வேண்டும் என்று, காலையிலேயே சேலைப் பிரிவின் நடுவில் கம்பளம் விரித்து, வெள்ளை உறை மாட்டிய நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வேலை பார்க்கிற பெண்கள் நாங்கள் அலமாரி ஓரமாக நின்றோம். நிற்பது எங்களுக்குப் புதிதில்லை.

கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கவுண்டருக்கு ஒன்றாக ஸ்டூல் வந்தது. எனக்குப் பல வருடமாகக் குதிகால் வலி. காலையில் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டுதான் முதல் அடி எடுத்து வைப்பேன். அந்த ஸ்டூலை நான் விழுந்து கும்பிடாத குறைதான்.

அதைக் கெடுத்தவள் அமலராணி.

அவள் உட்காரவே மாட்டாள். ஈ, காக்கை இல்லாத மத்தியானத்திலும் மடித்த சேலையையே மறுபடி மடித்துக்கொண்டு நிற்பாள். கீரனூர் பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வருவாள்.

சூப்பர்வைசர் அருண்குமாருக்கு அது போதுமானதாக இருந்தது. எங்களில் யார் ஸ்டூல் பக்கம் போனாலும், அமலராணி அக்கா உட்காருகிறார்களா என்று கேட்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். கேட்ட பிறகு எப்படி உட்காருவது?

அதனால் நாங்கள் அவளோடு பேசுவதை விட்டுவிட்டோம். நல்ல பேர் எடுக்க அலைகிறாள் என்று அவள் காதுபடவே சொல்வோம். அவள் பாட்டுக்குச் சேலையை மடித்துக்கொண்டே இருப்பாள்.

அவளுக்குத்தான் இப்போது பொன்னாடை. நின்றே உழைக்கும் ஊழியர் என்று மைக்கில் சொல்லிவிட்டு, சால்வையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி முதலாளி அவளை எழுந்து வரச் சொன்னார்.

அமலராணி எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பிகு பண்ணுகிறாள் என்று யாரோ என் பின்னால் முணுமுணுத்தார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

முதலாளி மறுபடி கூப்பிட்டார். அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கைப்பிடி இல்லாத அந்த நாற்காலியின் அடியை இரண்டு கைகளும் இறுக்கிப் பிடித்திருந்தன. உடம்பை முன்னால் தள்ளிப் பார்த்தாள். வரவில்லை. அந்த ஏ.சி.யிலும் அவளுக்கு முகமெல்லாம் வேர்த்தது.

அந்தப் பிடி எனக்குத் தெரியும். நான் தினமும் பிடிப்பது.

போன தீபாவளி சமயத்தில், எங்களோடு வேலை பார்த்த அமிர்தவல்லி முழங்கால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். குணமாகும்வரை வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் நேராகப் போய் அமலராணியைக் கட்டிப்பிடித்தேன்.

"செவந்திக்கா, உக்காந்துட்டா இடுப்பு எந்திரிக்க விடாது. விட்டுறாதீங்க" என்றாள் என் காதுக்குள்.

அவள் முதுகைச் சுற்றிக் கையைக் கொடுத்துத் தூக்கினேன். பார்த்தவர்கள் சந்தோஷத்தில் கட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பார்கள். கைதட்டினார்கள். அருண்குமார் போனில் படம் எடுத்தான். அவள் பாரம் மொத்தமும் என் குதிகாலில் இறங்கியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

முதலாளி சால்வையைப் போர்த்தினார். அதோடு விட்டிருக்கலாம். பரிசு என்று ஒன்றை அறிவித்தார். நாளையிலிருந்து அமலராணி பட்டுப் பிரிவில் இருப்பாளாம்.

எங்கள் கடையில் பட்டுக்குக் கவுண்டர் கிடையாது. தரையில் மெத்தை. கல்யாண வீட்டுக்காரர்கள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரித்துக் காட்ட வேண்டும். வேறு நிறம் கேட்டால் எழுந்து போய் எடுத்து வந்து மறுபடி உட்கார வேண்டும். முகூர்த்த மாதங்களில் நாள் முழுக்க அதுதான் வேலை.

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அமிர்தவல்லிக்கு நடந்தது இவளுக்கும் நடக்கும்.

அமலராணி நன்றி சொன்னாள். சொல்லும்போது அவள் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"சார், பட்டுக்கு என்னையப் போடுங்க. இவளுக்கு முன்னாடியே வந்தவ நான், என்னைய விட்டுட்டு இவளுக்குக் குடுக்குறது நல்லாயில்லைங்க" என்றேன்.

கைதட்டல் நின்றுபோனது.

முதலாளி முகம் சுருங்கிவிட்டது. விழா நாளில் எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார். அமலராணியைப் பார்த்தார். எனக்கே கொடுத்துவிடச் சொன்னாள் அவள். அதையும் பெருந்தன்மை என்று மைக்கில் பாராட்டினார்.

இப்போது நான் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறேன். குதிகாலுக்குக் கொஞ்சம் தேவலை. அவளுக்காகக் கேட்டேனா, குதிகாலுக்காகக் கேட்டேனா என்று சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

கட்டிப்பிடித்துக்கொண்டே பறித்தவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். யாரும் என்னோடு பேசுவதில்லை.

எல்லோரும் இப்போது அமலராணி பக்கம். அவள்மேல் அப்படி ஒரு இரக்கம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் தங்களோடு தரையில் வந்து உட்காரச் சொல்லி, தினமும் அவள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.