இடது தோள்பட்டை, நான்காவது கிலோமீட்டர்

அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழம்பைக் கடலோரக் குட்டைக்குக் கொண்டுபோகும் ஆறு கிலோமீட்டர் குழாயை ஜெபஸ்தியானின் முதுகோடு இணைத்துப் பதினோரு வருஷமாகிறது. குழாய் எங்கே தேய்கிறதோ, முதுகில் அதற்குரிய இடம் அரிக்கும். உடனே ஓடிப்போய், ஓட்டத்தை நிறுத்தாமலே குழாய்க்கு மேலே இரும்புப் பட்டை போட்டு இறுக்குவான். அரிப்பு அடங்கிவிடும்.

இந்த முறை அடங்கவில்லை. இடது தோள்பட்டை என்றால் நான்காவது கிலோமீட்டர், பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம். மூன்று நாளில் மூன்று பட்டை போட்டுவிட்டான். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் குழாய் திடமாகத்தான் ஒலித்தது. ஆனாலும் அரித்தது.

ஓட்டத்தை நிறுத்தச் சொன்னால் உள்ளே சாம்பல் இறுகிக் கல்லாகிவிடும், மின் நிலையமும் நின்று ஊரே இருண்டுபோகும். சொல்லாவிட்டால், குழாய் வெடித்துப் பிள்ளைகள் மேல் குழம்பு பாயும். மத்தியானச் சோற்றை அப்படியே தள்ளி வைத்தான். நிறுத்தச் சொல்லிவிடுவதென்று போனை எடுத்தான்.

"கொஞ்சம் பொறுங்க" என்று மனைவி ரோஸ்லின் அவன் சட்டையைத் தூக்கித் தோளை விரலால் தடவினாள். உடனே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, இது வேர்க்குருல்லா! சித்திரை வெயில்ல சுத்தியல் பைய அந்தத் தோள்லயே மாட்டிட்டு அலைஞ்சா வராம என்ன செய்யும்?"

"ஏட்டி, நல்லாப் பாத்தியா?"

"கொத்துக் கொத்தாச் செவந்து கெடக்கு. இரிங்க, நுங்கு எடுத்துட்டு வாரேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். கண் கலங்கியது. நுங்குத் தண்ணீர் தோளில் சில்லென்று இறங்கியது.

"மெதுவாத் தேய்ட்டி" என்றான். "பதினோரு வருஷத்துல எனக்கே எனக்குன்னு வந்த அரிப்பு இது ஒண்ணுதான்."